மூண்டுதரம்

பாசையூர்ச் சந்தையில் மீன் கூறுகிறவன் நான்.
எண்ணை ஏற்றுவதுதான் தொழில்.
ஆயிரத்தில் தொடங்கும் பாரைக் கூடையை
இரண்டாயிரத்து நானூறுக்குக் கொண்டுபோக
நெஞ்சாங்கூட்டில் ஒரு குரல் வேண்டும்.
அது எனக்கு இருக்கு.

கிளினிக்கில் கையில் பட்டியைச் சுற்றி
நேர்ஸ் பிள்ளை வாசித்தாள்:
நூற்றெண்பது, கீழே நூற்றிப்பத்து.
"ஆர் கேட்டது?" என்றேன் பகிடியாக.
அவள் சிரிக்கவில்லை.

ஒரு குளிசையோடு தொடங்கினார்கள்.
எண் கொஞ்சம் இறங்கி, பேரம் பேசுகிறவள் மாதிரி
அதே இடத்தில் நின்றது.
கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் இறுகியது.
டொக்டர் துஷ்யந்தி அதை மாற்றி
இரண்டு குளிசை எழுதினார்:
ஒன்று குழாயைத் தளர்த்துமாம்,
மற்றது உப்பையும் நீரையும் வெளியில் தள்ளுமாம்.
ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை.
கரைவலைக்கு இரண்டு கயிறு.
ஒரு பக்கத்தார் மட்டும் இழுத்தால்
மடி கோணிக்கொண்டு கடலிலேயே கிடக்கும்.

பிழை அதற்குப் பிறகு வந்தது.
மச்சான் கூட்டிக்கொண்டுபோன தனியார் டொக்டர்
இரண்டையும் ஒன்றாக்கின
ஒற்றைக் குளிசை தந்தார், மினுங்கும் அட்டையில்.
கிளினிக்கின் மண்ணிறக் கவர்களோ
இன்னும் இரண்டு மாதத்துக்கு இருந்தன.
சும்மா தந்ததை எறிய மனம் வருமா?
அதையும் போட்டேன், இதையும் போட்டேன்.

நாலாம் நாள் விடிய,
நண்டுக் கூடைக்குக் குனிந்து நிமிர்ந்து
"ஒருதரம், ரண்டுதர..."
சந்தை லைட் எல்லாம் ஒன்றாக அணைந்தது.
ஐஸ் தண்ணீரில் கன்னம் கிடந்தது மட்டும் ஞாபகம்.
ஆஸ்பத்திரியில் எண் எண்பத்தாறு.
அந்த நண்டு எவனுக்குப் போனதென்று
இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

பவளராணி வீட்டிலிருந்த மருந்தெல்லாம்
ஒரு சொப்பிங் பையில் அள்ளிவந்து
பார்மசி மேசையில் கொட்டினாள்.
கண்ணாடி போட்ட சின்னப் பெட்டை
ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.
"ஐயா, இது லொசாட்டன்.
இந்த அட்டைக்குள்ளயும் லொசாட்டன்.
கொம்பனிப் பேர்தான் பெரிசு,
மருந்தின்ர பேர் கீழ எறும்பு மாதிரிக் கிடக்கு."
எனக்குச் சுள்ளென்றது.
இங்கே ஒரு பேர், பருத்தித்துறையில் இன்னொரு பேர்,
செதிலைச் சுரண்டினால் ஒரே மீன்.
முப்பது வருஷமாக மற்றவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

பிறகு ஒரு பட்டையைத் தனியே தள்ளினாள்:
முழங்காலுக்கென்று ஜேர்மனியிலிருந்து அண்ணன் அனுப்பியது.
"இந்த நோக்குளிசை பிரஷரை ஏத்தும்,
மற்றதுகளோட சேர்ந்தால் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.
டொக்டரைக் கேளாமல் போடாதேங்கோ."
அண்ணனுக்கு இதை எப்படிச் சொல்வது,
அது இன்னும் யோசனையில் இருக்கிறது.

இப்போது என் பில் கொப்பியின் கடைசித் தாளில்
மருந்துகளின் எறும்புப் பேர்கள்,
எத்தனை மில்லிகிராம், எந்த நேரம்.
எந்த டொக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன்.
உப்பு, சிறுநீரகம் பார்க்க இரத்தமும் கொடுத்தாயிற்று.
கருவாடு மட்டும் ஞாயிற்றுக்கிழமை
பவளராணிக்குத் தெரியாமல் ஒரு துண்டு.
(தெரியும் அவளுக்கு.)

போன மாதம் நூற்றிருபத்தெட்டு.
"இறங்கிட்டுதே, ஒண்டை விடட்டோ?" என்றேன்.
டொக்டர் துஷ்யந்தி பேனையை வைத்தார்.
"கயிறு பிடிச்சிருக்கிறதால வலை நிற்குது, மனுவேல்.
விட்டுப்பாருங்கோ."
கரைவலைக் கதையை அவருக்கு எப்போது சொன்னேனோ.

விடிய மூன்றரை.
கட்டில் ஓரத்தில் குந்தியிருக்கிறேன்.
டக்கென்று எழும்பக்கூடாது என்பது கட்டளை.
கால் இரண்டும் நிலத்தில் படட்டும்.
மெல்லக் கூறுகிறேன், எனக்கு நானே:
ஒருதரம்.
ரண்டுதரம்.
மூண்டுதரம்.
எழும்புகிறேன். சுவர் அசையவில்லை.

"ஆர் எடுத்தது?"
நித்திரையில் கேட்கிறாள் பவளராணி.
குளிசையையோ, நண்டையோ.